இடது கை நாட்குறிப்பு

6 ஜனவரி 2025, பிளேனோ

ஸ்ட்ரோக் வந்த இவரை வீட்டுக்குக் கூட்டி வந்தாயிற்று. பேச்சு வரவில்லை.

7 ஜனவரி

தூக்கம் வரவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு ராண்டி டிராவிஸைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். இவருடைய ஆள். இத்தனை வருடமாகக் காரில் ஏறினாலே அந்தக் கன்ட்ரி, அதாவது அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டுக்காரர்தான். கிணற்றுக்குள் நின்று கூப்பிடுகிற மாதிரி ஒரு அடித்தொண்டைக் குரல். ராஜா பாட்டு போடுங்களேன் என்றால், "இவரும் ராஜாதான்" என்பார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

2013 ஜூலையில் டிராவிஸுக்கும் இதேதான் வந்திருக்கிறது. வைரஸ் தாக்கி இதயம் பலவீனமாகி, அதன் பின்னாலேயே ஸ்ட்ரோக், மூளையில் அழுத்தத்தைக் குறைக்க ஆபரேஷன். 54 வயது. இங்கே டெக்சாஸிலேயே. அவருடைய பண்ணை டையோகா பக்கம் இருக்கிறதாம், நம் வீட்டிலிருந்து வடக்கே ஒரு மணி நேரம். எனக்கு இது தெரியவே தெரியாது. இவருக்குத் தெரிந்திருக்கும்.

9 ஜனவரி

பனி. தெரபி ரத்து. ரத்தானதும் கணக்கில் சேருமா என்று கேட்க இன்ஷூரன்ஸுக்கு போன் செய்தேன். பதில் சொல்ல ஆள் வரும் வரை போனில் பியானோ இசை.

10 ஜனவரி

இன்னும் பனி. கதை சொல்வது என்று முடிவு செய்தேன். இவருக்குப் புரிகிறது, வார்த்தைதான் வெளியே வரவில்லை என்று டாக்டர் சொல்கிறார். அப்படியென்றால் கேட்கட்டும்.

வட கரோலினாவில் மார்ஷ்வில் என்று ஒரு சின்ன ஊர். 1959இல் பிறந்தவர். அப்பா குதிரை வளர்ப்பவர், வான்கோழிப் பண்ணையும் உண்டு. அண்ணனும் தம்பியுமாகச் சின்ன வயதிலேயே மேடை ஏறினார்கள். அப்புறம் படிப்பை விட்டு, குடி, திருட்டு, போலீஸ். ஜெயிலுக்குப் போக வேண்டிய பையனை நீதிபதி ஒரு பெண்மணியின் பொறுப்பில் விட்டார். லிப் ஹாட்சர். சார்லட் நகரத்தில் கிளப் நடத்தியவர். 1975இல் அங்கே நடந்த பாட்டுப் போட்டியில் இந்தப் பையன் ஜெயித்ததும், சமையலுக்கும் பாட்டுக்கும் அவனையே வேலைக்கு வைத்துக்கொண்டார்.

பிறகு நாஷ்வில். அங்கேயும் நாஷ்வில் பேலஸ் என்ற இடத்தில் பாத்திரம் கழுவுவது, மீன் பொரிப்பது, நடுவில் மேடைக்கு ஓடிப்போய்ப் பாடுவது. ரெக்கார்டு கம்பெனிகள் எல்லாம் விரட்டின. காரணம்தான் வேடிக்கை: குரலில் நாட்டுப்புறம் ரொம்ப அதிகமாம்! கன்ட்ரி இசைக்கென்றே இருக்கிற ஊரில் சொன்ன பதில் இது. அப்போது அங்கே பாப் கலந்த மெருகுதான் விற்றது. 1985இல் வார்னர் கம்பெனி எடுத்துக்கொண்டு பெயரையும் மாற்றியது. டிரேவிக் போய் டிராவிஸ் வந்தது.

"இது உங்களுக்குத் தெரியும்தானே?" என்றேன். "இல்ல" என்றார். இப்போது எல்லாவற்றுக்கும் "இல்ல"தான். ஆனால் இடது கை போர்வை மேல் தட்டிக்கொண்டே இருந்தது.

14 ஜனவரி

பொங்கல். குக்கரில் வைத்தேன். அத்தை மதுரையிலிருந்து வீடியோவில்: "ஏம்மா, அவன்கிட்ட குடு, அம்மான்னு ஒரு தடவை சொல்லச் சொல்லு." "இல்ல" என்றார் இவர். அத்தை அழுதார்கள். கொழுந்தன் போனை வாங்கி, "அண்ணி, அங்க நல்ல டாக்டர்தானே?" என்றான். நல்ல டாக்டர்தான்டா.

15 ஜனவரி

67.

இவருக்கு அன்றைக்கு இந்தக் கணக்கைச் சொல்ல மறந்துவிட்டேன். டிராவிஸின் 'ஆன் தி அதர் ஹேண்ட்' பாட்டு முதல் தடவை வெளிவந்தபோது கன்ட்ரி பாட்டுகளின் தரவரிசைப் பட்டியலில் 67ஆம் இடத்துக்கு மேல் ஏறவில்லை. அடுத்த பாட்டு ஆறாம் இடம் வரை போனதும், பழைய பாட்டையே எடுத்து 1986இல் மறுபடி விட்டார்கள். முதலிடம். பாட்டு அதேதான், குரல் அதேதான், மாறியது கேட்கிறவர்கள். அந்த வருட ஆல்பம் முப்பது லட்சத்துக்கு மேல் விற்றது. அதற்கப்புறம் நாஷ்வில் கம்பெனிகள் எல்லாம் இதே மாதிரி பழைய பாணி ஆட்களைத் தேடி ஓடின. விரட்டின அதே கம்பெனிகள்!

பகலெல்லாம் சந்தோஷமாக இருந்தேன். ஏன் என்று தெரியவில்லை.

22 ஜனவரி

சந்தோஷம் போன இடம் தெரியவில்லை. சட்டைப் பொத்தான் போட உதவப் போனால் கையைத் தட்டிவிட்டார். நான் கத்தினேன். எழுத விருப்பமில்லை.

27 ஜனவரி

வாய்ப்பாடு!

ஸ்பீச் தெரபிஸ்ட் கேட்டார், சின்ன வயதில் மனப்பாடமாகச் சொன்னது ஏதாவது உண்டா என்று. நான் யோசிப்பதற்குள் இவர் ராகத்தோடு ஆரம்பித்துவிட்டார். ஓரெண்டு ரெண்டு, ஈரெண்டு நாலு. உசிலம்பட்டிப் பள்ளிக்கூடத்தில் பிரம்புக்குப் பயந்து கத்தின அதே இழுவை. எட்டாம் வாய்ப்பாடு வரை தங்குதடையில்லாமல் போனார். "எட்டு" என்று தனியாகச் சொல்லச் சொன்னால் வரவில்லை.

தெரபிஸ்ட் விளக்கினார். பேச்சைக் கோக்கும் இடம் மூளையின் இடப்பக்கம் முன்னால், அடி அங்கேதான். ராகமும் மனப்பாடமும் அந்த இடத்தை மட்டுமே நம்பி இல்லை. அதனால் வாக்கியத்தை இரண்டே சுரத்தில் இழுத்துப் பாடி, ஒவ்வொரு அசைக்கும் இடது கையால் தட்டச் சொல்லி, மெல்ல மெல்லப் பாட்டைக் குறைத்துப் பேச்சுக்குக் கொண்டுவருகிற சிகிச்சை ஒன்று உண்டு. 1970களில் பாஸ்டனில் உருவாக்கியது. எல்லோருக்கும் பலிப்பதில்லை என்றும் சொல்லிவிட்டார்.

இவர் கை இத்தனை நாளும் தானாகவே தட்டிக்கொண்டிருந்தது.

30 ஜனவரி

"தண்-ணி வே-ணும்." இரண்டு சுரம். பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ன நினைப்பார்களோ.

4 பிப்ரவரி

இன்ஷூரன்ஸ் கடிதம். நடை, கை வேலை, பேச்சு, மூன்றும் சேர்த்து வருடத்துக்கு 60 தடவைதான். பனி நாளையும் கழித்துவிட்டார்கள்.

5 பிப்ரவரி

டிராவிஸின் மனைவி மேரியைப் பற்றியே நினைப்பு. அவருக்கு ஸ்ட்ரோக் வந்தபோது மேரி டேவிஸ், இன்னும் கல்யாணம் ஆகவில்லை, 2015இல்தான் ஆனது. டிராவிஸ் பிழைக்க ஒன்றிரண்டு சதவீதம்தான் வாய்ப்பு என்று டாக்டர்கள் சொல்லியிருக்கிறார்கள். கருவிகளை எடுத்துவிடலாமா என்ற பேச்சு. மேரி படுக்கையருகே போய், இன்னும் போராட வேண்டுமா என்று அவரையே கேட்டார். அவர் கையை அழுத்தினார், கண்ணில் நீர் வழிந்தது. அது போதும் என்று மேரி டாக்டர்களிடம் பதில் சொல்லிவிட்டார்.

அதற்கு முந்தின வருடம்தான் குடித்துவிட்டு வண்டி ஓட்டிக் கைதாகி, ஊரே சிரித்துக்கொண்டிருந்தது அவரைப் பார்த்து. லிப்புடன் 1991இல் ஆன கல்யாணம் 2010இல் முறிந்திருந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் கூட இருந்த பெண்.

எனக்கு மேரி மேல் மரியாதையும் இருக்கிறது, எரிச்சலும் இருக்கிறது. பேட்டிகளில் எப்போதும் தலை வாரி, சிரித்த முகமாக இருக்கிறார். பாத்ரூமில் போய்க் கதவைச் சாத்திக்கொண்ட நாள் அவருக்கும் இருந்திருக்காதா? அதைச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் உபயோகமாக இருக்கும்.

11 பிப்ரவரி

தைப்பூசம். கோயிலுக்குப் போகவில்லை.

ஒன்று சரிசெய்துகொண்டோம்: வாயால் வரும் "இல்ல" கணக்கில் இல்லை. இடது கையை ஒரு தடவை அழுத்தினால் ஆமாம், இரண்டு தடவை என்றால் வேண்டாம். சாம்பாரா ரசமா என்பதற்குப் பதில் கிடைத்தது. ரசம்.

16 பிப்ரவரி

டிராவிஸின் 2016 வீடியோவை இருவரும் பார்த்தோம். கன்ட்ரி மியூசிக் ஹால் ஆஃப் ஃபேம் என்ற சாதனையாளர் வரிசையில் சேர்க்கிற விழா. ஸ்ட்ரோக் வந்து மூன்று வருடம். மேரி தாங்கிப் பிடித்திருக்க, 'அமேசிங் கிரேஸ்' பாடுகிறார். வார்த்தைகள் உடைந்து வருகின்றன, ஆனால் சுரம் தப்பவில்லை. சபையில் எல்லோரும் அழுகிறார்கள்.

நான் அழவில்லை. மூன்று வருடம் என்பதிலேயே நின்றுவிட்டேன். இவர் இன்னொரு தடவை போடச் சொல்லி என் கையை அழுத்தினார்.

1 மார்ச்

பையன் ஆஸ்டினிலிருந்து வந்திருக்கிறான். இரவெல்லாம் லேப்டாப்.

2 மார்ச்

ஏன் என்று தெரிந்துவிட்டது. அப்பா அவனுக்கு அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்களை எல்லாம் சேர்த்து ஏஐயில் கொடுத்து, குரலைச் செய்துவிட்டான். ஹெட்போனை என் காதில் வைத்தான். "அம்மா, சாப்பிட்டீங்களா?" இவர் குரல். நான் ஹெட்போனைக் கழற்றி எறிந்தேன்.

"பாட்டி பிறந்தநாளுக்குப் போட்டுக் காட்டலாம்மா. டிராவிஸே பண்ணலையா?" என்கிறான்.

பண்ணினார்தான். 2024 மே மாதம் புதிதாகப் பதிவு செய்த பாட்டு ஒன்று வந்தது, ஸ்ட்ரோக்குக்கு அப்புறம் முதல் தடவையாக. ஜேம்ஸ் டுப்ரே என்ற பாடகர் பாடியதை எடுத்து, டிராவிஸின் பழைய பதிவுகளில் குரலை மட்டும் பிரித்தெடுத்த 42 பாட்டுகளைக் கொடுத்துப் பழக்கி, அவர் குரலாக மாற்றினார்கள். செய்தவர் அவருடைய பழைய தயாரிப்பாளர் கைல் லேனிங். முதல் ஆல்பத்திலிருந்து கூட இருந்தவர். எந்த எழுத்தில் டிராவிஸ் குரலைச் சறுக்குவார், எங்கே மூச்சு விடுவார் என்று அவருக்குத் தெரியும். முக்கியமாக, உரியவர் சம்மதித்தார்.

"நீ அப்பாகிட்ட கேட்டியா?" என்றேன். "கேட்டா பதில் சொல்லவா போறார்" என்றான். அறைந்திருப்பேன். அவனுக்கும் இருபது வயதுதான், அவனுக்கும் அப்பா குரல் வேண்டியிருக்கிறது. அதனால் அறையவில்லை.

3 மார்ச்

42 பாட்டு. எங்களிடம் இருப்பது "பால் வாங்கணுமா", "டயர்ல காத்து பாரு", "போனை எடுடா".

5 மார்ச்

அப்பீல் கடிதம் எழுதி அனுப்பினேன். பனி நாளுக்கு ஒரு பத்தி முழுக்க.

8 மார்ச்

டிராவிஸின் சுற்றுப்பயணத்துக்கு டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பழைய இசைக்குழு, பாடுவது டுப்ரே. டிராவிஸ் மேடையில் உட்கார்ந்திருப்பார். 'ஃபாரெவர் அண்ட் எவர், ஆமென்' பாட்டு முடிகிற இடத்தில் அந்தக் கடைசி 'ஆமென்' மட்டும் அவர் பாடுவார். 1987இல் மூன்று வாரம் முதலிடத்தில் இருந்த பாட்டு. அந்த ஒரு சொல்லுக்காக மக்கள் காத்திருந்து எழுந்து நிற்கிறார்கள். இருட்டும் சத்தமும் இவருக்கு ஒத்துக்கொள்ளுமா? சக்கர நாற்காலிக்கு இடம் எந்த வரிசையில்? விலையைப் பார்த்தால் எனக்கு வேறு கணக்கெல்லாம் வருகிறது.

9 மார்ச்

பையனிடம் சொல்லிவிட்டேன்: நீயே அப்பா முன்னால் உட்கார்ந்து அந்தக் குரலைப் போட்டுக் காட்டு, நீயே கேள். அரை மணி நேரம் சுற்றிச் சுற்றி நடந்தான். பிறகு உட்கார்ந்தான்.

முழுக்கக் கேட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "பாட்டிக்குப் போடலாமாப்பா?" என்று கேட்டு அவர் இடது கையைப் பிடித்துக்கொண்டான். இரண்டு தடவை அழுத்தினார். வேண்டாம். அவன் திரும்பக் கேட்டான், மறுபடியும் இரண்டு. அப்புறம் கையை விடுவித்துக்கொண்டு தன் முழங்காலில் தட்ட ஆரம்பித்தார். "அம்-" என்றார். அடுத்த தட்டுக்கு வாய் திறந்து மூடியது. "அம்-" மறுபடி.

பையன் அவரோடு சேர்ந்து தட்டுகிறான். அத்தையின் பிறந்தநாளுக்கு இன்னும் நாள் இருக்கிறது. குக்கர் நாலாவது விசில் அடித்துவிட்டது, போகிறேன்.