தனியாக எனக்கு மட்டும் என்று கேட்ட ஏஜெண்ட்

எழுத்தாளர் சார்பில் பதிப்பகங்களிடம் நூலை விற்றுத்தரும் லண்டன் ஏஜெண்ட் ஒருவர் என் ஆங்கில மிகுபுனைவு நாவலை எடுத்துக்கொண்டார். ஒப்பந்தமும் கையெழுத்தாகிவிட்டது. ஆனாலும் அதற்கு முன்பு என் பிரதியை மாதக்கணக்கில் முடக்கிப்போட்ட நியூயார்க் ஏஜெண்ட்டை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

ஏஜெண்ட்டுக்கு நாவலை அறிமுகப்படுத்தும் க்வெரி கடிதம், கதைச்சுருக்கம், முதல் அத்தியாயங்கள் ஆகியவற்றைத் தயாரிப்பது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முதல் நாவல் 1,20,000 சொற்களைத் தாண்டினால் பலர் அந்த எண்ணைப் பார்த்தே ஒதுக்கிவிடுகிறார்கள் என்பதால் அனுப்புவதற்கு முன்பே வெட்டிவிடுங்கள். என் உப்பு வணிகனின் கிளைக்கதை அப்படித்தான் போனது. கதைச்சுருக்கத்தில் முடிவையும் சொல்லிவிட வேண்டும். பழைய பாட்டுப் புத்தகம் போல ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று நிறுத்தினால் ஏஜெண்டுகளுக்குப் பிடிப்பதில்லை.

நியூயார்க்காரர் முதல் பக்கங்களைப் படித்துவிட்டு முழுப் பிரதியையும் கேட்டார். கடிதத்தின் கடைசி வரியில்தான் விஷயம் இருந்தது: தான் படித்து முடிக்கும்வரை வேறு யாருக்கும் அனுப்பக் கூடாதாம். எவ்வளவு காலம் என்று கேட்டேன். “விரைவில்” என்று பதில் வந்தது. பிறகு ஒன்றுமே வரவில்லை. நினைவூட்டல் அனுப்பினால் ‘உங்கள் மின்னஞ்சல் கிடைத்தது’ என்ற தானியங்கிப் பதில் மட்டும் உடனே வந்து நிற்கும்.

ஒருநாள் அந்த ஏஜென்சியின் தளத்தில் அவர் பெயரையே காணோம். வேலையை விட்டுப் போயிருக்கிறார். பிரதி கொடுத்துவிட்டுக் காத்திருந்தவர்களுக்கு ஒரு வரி எழுத அங்கே யாருக்கும் தோன்றவில்லை. பொது முகவரிக்கு எழுதினேன். அவரிடம் இருந்த பிரதிகள் வேறு யாருக்கும் மாற்றப்படவில்லை, விருப்பமிருந்தால் புதிதாக விண்ணப்பிக்கலாம் என்று உதவியாளர் ஒருவர் மிகப் பண்பாகப் பதில் எழுதினார். அந்தப் பண்புதான் இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

ஆகவே யாராவது தனக்கு மட்டுமே அனுப்ப வேண்டும் என்று கேட்டால் முடிவுத் தேதியை எழுத்தில் வாங்குங்கள். முப்பது நாள் தாராளம். தேதி சொல்ல மறுத்தால், ‘மற்றவர்களும் படிக்கிறார்கள்’ என்று தெரிவித்துவிட்டுப் பிரதியை அனுப்புங்கள். பலருக்கு ஒரே நேரத்தில் அனுப்புவது இந்தத் துறையில் வழக்கமான நடைமுறைதான்.

இதற்கிடையில் இன்னொரு கூத்து. பெயர்பெற்ற ஓர் ஏஜென்சியின் ஏஜெண்ட் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் தாமாகவே எழுதினார். பெரிய பதிப்பகம் ஒன்று என் நாவலில் ஆர்வமாக இருக்கிறதாம், முதலில் ‘எடிட்டிங்’ கட்டணம் மட்டும் கட்டினால் போதுமாம். அனுப்பிய முகவரியைப் பார்த்தால் சாதாரண ஜிமெயில். உண்மையான ஏஜெண்ட் எழுத்தாளரிடம் முன்பணம் கேட்பதில்லை. நூல் விற்ற பிறகு வரும் பணத்தில் கமிஷன் எடுத்துக்கொள்வார்: உள்நாட்டு விற்பனைக்குப் பெரும்பாலும் 15 சதவீதம், வெளிநாட்டு விற்பனைக்கு 20. சந்தேகம் வந்தால் ‘ரைட்டர் பிவேர்’ தளத்தில் தேடுங்கள். இப்படிப்பட்ட ஆள்மாறாட்டக் கதைகள் அங்கே குவிந்து கிடக்கின்றன.

லண்டன்காரர் படித்தார், காணொலியில் பேசினார், ஏற்றுக்கொண்டார். அவர் சம்மதம் சொன்னதும், பிரதி வைத்திருந்த மற்ற ஏஜெண்டுகளுக்கு இரண்டு வாரக் கெடு கொடுத்து எழுதினேன். வேடிக்கையை அப்போதுதான் பார்க்க வேண்டும்! மழைக்காலம் தொட்டு வாய் திறக்காதவர் சில மணி நேரத்தில் எழுதுகிறார்: “தயவுசெய்து வெள்ளிக்கிழமைவரை பொறுங்கள்.” அந்த மின்னஞ்சலை நான் இன்னும் அழிக்கவில்லை.

ஒப்பந்தம் பேசும்போது இந்தியாவில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பிரிட்டிஷ் பதிப்பகங்கள் காமன்வெல்த் நாடுகளில் நூலை வெளியிடும் உரிமை கேட்கும்போது பெரும்பாலும் இந்தியாவும் அதற்குள் போய்விடும். இந்தியத் துணைக்கண்ட உரிமையைத் தனியாக விற்க முயல்வீர்களா என்று ஏஜெண்ட்டிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். அமெரிக்காவிலும் நூல் விற்றால் அமெரிக்கர் அல்லாதவர் வரிக்காகத் தரும் டபிள்யூ-8பென் படிவம் கொடுக்க வேண்டியிருக்கும். இல்லையென்றால் ராயல்டியில் 30 சதவீதம் வரியாகப் பிடித்துவிடுவார்கள்.

ஏஜெண்ட் வேலை மாறினால் என் நாவல் யாரிடம் இருக்கும் என்றும் கேட்டேன். ஒப்பந்தம் ஏஜென்சியின் பெயரில்தான் இருந்தது. அவர் விலகினால் எனக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், விரும்பினால் முப்பது நாள் அறிவிப்பில் நானும் விலகலாம் என்று ஒரு பிரிவைச் சேர்க்கச் சொன்னேன். இதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லையே என்றார். சேர்த்த பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.