இரண்டு செட் பார், நாலு வாஷர், ஒரு எடைச்சீட்டு: எங்கள் டிரெய்லர் ஹிட்ச் சரியான கதை

"என்னங்க, ரோடு நேராத்தானே போகுது? ஏன் ஸ்டீயரிங்கை இப்படி ஆட்டிக்கிட்டே வர்றீங்க?" என்று மனைவி கேட்டபோது புது சுற்றுலா டிரெய்லரை டிரக்கின் பின்னால் மாட்டிக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்பி அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. நான் ஆட்டவில்லை. வண்டிதான் ஆடியது. பக்கத்தில் ஒரு கனரக லாரி கடந்து போனால் முன்சக்கரம் தரையில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. இருட்டத் தொடங்கியதும் எதிரே வந்த ஒவ்வொருவரும் விளக்கை அடித்து அடித்துத் திட்டிக்கொண்டு போனார்கள். ஹை பீம் போட்டிருக்கிறேன் என்று நினைத்திருப்பார்கள். போட்டிருந்தது லோ பீம்தான். டிரக்கின் மூக்கு தூக்கிக்கொண்டு நின்றதால் வெளிச்சம் அவர்கள் கண்ணுக்கு நேராகப் போனது.

இத்தனைக்கும் எங்கள் ஹிட்ச், அதாவது டிரக்கோடு டிரெய்லரை இணைக்கிற அமைப்பு, சாதாரண ஹிட்ச் இல்லை. டிரெய்லரின் பாரத்தை எல்லா அச்சுக்கும் பங்கிடுகிற வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச். டீலரிடம் டிரெய்லரோடு சேர்த்து வாங்கி, பொருத்துகிற கூலியும் தனியாகக் கொடுத்தது. பொருத்தியவர் இருபது நிமிடத்தில் வேலையை முடித்து, நாலடி பின்னால் போய், ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். "லெவலா இருக்கு, நீங்க கிளம்பலாம்" என்றார். கையில் டேப் எடுத்ததை நான் பார்க்கவே இல்லை. கையேடு எங்கே என்று கேட்டதற்கு, அதெல்லாம் எங்களுக்குத்தான், உங்களுக்குத் தேவைப்படாது என்ற பதில். அங்கேயே உஷாராகியிருக்க வேண்டும். புது டிரெய்லர் மோகத்தில் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

அந்தப் பயணத்தைப் பாதியில் முடித்துக்கொண்டு, நாற்பத்தைந்து மைல் வேகத்தில் உருட்டி உருட்டி வீடு வந்து சேர்ந்தோம். பல வருஷமாக டிரெய்லர் இழுக்கிற நண்பர் ஒருவர் இருக்கிறார், அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். போன் போட்டேன். "தம்பி, முன்சக்கர வளைவு உயரம் எவ்வளவு?" என்றார். எந்த உயரம் என்று கேட்டேன். "சரிதான், அளக்கவே இல்லையா? மூணு அளவு எடுத்துட்டு அப்புறமா பேசு" என்று வைத்துவிட்டார்.

அந்த மூன்று அளவுதான் மொத்த விஷயமும். தரையிலிருந்து, முன்சக்கரத்தின் நடுவாக, மேலே உள்ள ஃபெண்டர் (சக்கர வளைவு) விளிம்பு வரை அளக்க வேண்டும். முதலில் டிரெய்லர் இல்லாமல். அடுத்து டிரெய்லரை மாட்டி, ஸ்பிரிங் பார் (பாரத்தை நெம்பிப் பங்கிடுகிற, ஹிட்சின் இரண்டு வளையும் கம்பிகள்) போடாமல். கடைசியாகப் பாரையும் போட்டு. எங்களுடையது தனியாக நிற்கும்போது 37 அங்குலம். டிரெய்லர் ஏறியதும் 38. பார் போட்ட பிறகு எவ்வளவு இறங்க வேண்டும் என்பது டிரக் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், வண்டியின் கையேட்டில் இருக்கும். எனக்கு, தூக்கியதில் பாதியாவது திரும்பி இறங்க வேண்டும், ஆனால் 37-க்குக் கீழே போகவே கூடாது. டீலர் பொருத்திக் கொடுத்தது 37-ம் எட்டில் ஏழும் (37 7/8). ஓர் அங்குலம் தூக்கியதில் அவர் இறக்கிக் கொடுத்தது எட்டில் ஒரு பங்கு! தூரத்திலிருந்து பார்த்தால் இந்த வித்தியாசம் எந்தக் கண்ணுக்கும் தெரியாது.

ஏன் தூக்குகிறது என்பது கிணற்று ஏற்றம் மாதிரிதான். டிரக்கின் பின் அச்சுதான் தாங்குகிற தூண். அதற்கும் பின்னால் ஐந்தடி தள்ளி டிரெய்லரின் மூக்கு உட்கார்ந்தால் பின்பக்கம் அமுங்கும், முன்பக்கம் எழும்பும். ஸ்பிரிங் பார் இரண்டும் ஹிட்ச் ஹெட்டிலிருந்து (டிரக் பக்கம் இருக்கிற தலைப்பகுதி) டிரெய்லர் சட்டத்துக்கு இழுத்துக் கட்டப்பட்டு, வில்லாக வளைந்து, அந்த இணைப்பை மேல்நோக்கி நெம்புகின்றன. நெம்புகிற நெம்பில் பின் அச்சின் பாரம் கொஞ்சம் முன் அச்சுக்கும், கொஞ்சம் டிரெய்லர் அச்சுக்கும் போகிறது. பாரம் குறைவதில்லை, இடம்தான் மாறுகிறது.

டேப் அளவு போதும் என்று அண்ணன் சொன்னார். எனக்கு மனசு ஆறவில்லை. டீலரிடம் போய் நிற்க ஆதாரம் வேண்டும் என்று லாரிகள் எடை போடும் மேடைக்குப் போனேன். முதல் தடவை வீண். மேடை மூன்று தனித்தனிப் பலகைகளாக இருக்கும். முன் அச்சு ஒன்றில், பின் அச்சு ஒன்றில், டிரெய்லர் அச்சு ஒன்றில் நிற்க வேண்டும். நான் டிரக்கின் இரண்டு அச்சையும் ஒரே பலகையில் நிறுத்திவிட்டேன். சீட்டில் இரண்டும் சேர்ந்து ஒரே எண்ணாக வந்தது, எதற்கும் உதவவில்லை. அடுத்த வாரம் மறுபடியும் போய் ஒழுங்காக நிறுத்தினேன். சீட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது, பார் போட்ட எடை மட்டும் இருக்கிறது, ஒப்பிட வேறெதுவும் இல்லை என்று. மூன்றாவது தடவை பெண்டாட்டி பிள்ளைகள், துணிமணி, பாத்திரம், நிரம்பிய தண்ணீர் டேங்க், கேஸ் சிலிண்டர் என்று சுற்றுலா போகிற கோலத்திலேயே போனோம். பாரோடு ஒருமுறை, பாரைக் கழற்றி ஒருமுறை, டிரெய்லரை ஓரமாக விட்டுவிட்டு டிரக் மட்டும் ஒருமுறை. போகிறவர்கள் இந்த மூன்றையும் ஒரே நாளில் முடித்துவிடுங்கள்.

வந்த எண்கள் இவை, எல்லாம் பவுண்டில். டிரக் மட்டும்: முன் 3,260, பின் 2,900. டிரெய்லர் மாட்டி, பார் இல்லாமல்: முன் 2,900, பின் 4,080, டிரெய்லர் அச்சு 5,560. டீலர் வைத்தபடி பாரோடு: 2,960, 3,980, 5,600. முன் அச்சு இழந்தது 360, திரும்பக் கிடைத்தது வெறும் 60. பார் இல்லாமல் போயிருந்தால் பின் அச்சு, டிரக் கதவோர ஸ்டிக்கரில் அதற்குப் போட்டிருக்கும் 4,050 வரம்பையே தாண்டியிருக்கும்.

அதே சீட்டில் இன்னொன்றும் ஒளிந்திருந்தது. டிரெய்லர் மாட்டிய பிறகு டிரக்கின் மொத்தம் 6,980. தனியாக 6,160. கழித்தால் 820. அதுதான் டங் வெயிட், அதாவது டிரெய்லரின் நாக்கு டிரக்கின் மேல் வைக்கிற பாரம். டிரெய்லரின் மொத்த எடை 6,380, அதில் இது கிட்டத்தட்ட 13 சதவீதம். 10 முதல் 15 வரை இருக்கலாம் என்பதால் பாரம் ஏற்றியதில் தப்பில்லை. ஆனால் பிரோஷரில் போட்டிருந்தது 560! அது காலி டிரெய்லரின் கணக்கு. பாட்டரி இல்லை, சிலிண்டர் இல்லை, முன்பக்க அலமாரியில் ஒரு துரும்பு இல்லை. எங்கள் சிலிண்டர்கள் நிரம்பினால் ஒவ்வொன்றும் 37 பவுண்டு பக்கம், அதுவும் நாக்கின் மேலேயே உட்கார்ந்திருக்கும். தண்ணீர் டேங்க் அச்சுக்கு முன்னால். தண்ணீர் காலனுக்கு 8.3 பவுண்டு. இப்படித்தான் 560 என்பது 820 ஆனது. பிரோஷர் எண்ணை வைத்து ஹிட்ச் வாங்காதீர்கள், தயவுசெய்து.

சரி, நாமே சரிசெய்துவிடலாம் என்று கம்பெனி தளத்திலிருந்து ஹிட்ச் கையேட்டை இறக்கிக்கொண்டேன். தேவைப்படாது என்றாரே, அதே கையேடுதான். ஹிட்ச் ஹெட்டைப் பின்னோக்கிச் சாய்த்தால் பாரின் இழுவிசை கூடும். எங்கள் மாடலில் சாய்வைத் தீர்மானிப்பது உள்ளே போடுகிற வாஷர்களின் எண்ணிக்கை. டீலர் மூன்று போட்டிருந்தார். நான் ஐந்தாக்கினேன். இந்த இடத்தில்தான் உயிர் போகப் பார்த்தது.

பாரின் நுனியில் சங்கிலி தொங்கும். அதை டிரெய்லர் சட்டத்தில் உள்ள கொக்கியில் மாட்டி, ஒரு குழாயைச் செருகி மேலே நெம்பிப் பூட்ட வேண்டும். டீலர் அப்படித்தான் தம் பிடித்து நெம்பினார், நானும் அப்படியே செய்தேன். வாஷர் கூடியதால் இழுவிசையும் கூடியிருக்கிறது என்பதை மறந்துவிட்டேன். முக்கால்வாசி ஏறியதும் கை வழுக்கியது. கொக்கி திருப்பி அடித்த வேகத்தில் குழாய் காதோரமாகப் பறந்து போய் சிலிண்டர் மூடியில் பட்டென்று விழுந்தது. மூடியில் இன்னும் அந்தப் பள்ளம் இருக்கிறது. ஒரு விரற்கடை இந்தப் பக்கம் வந்திருந்தால் இதை எழுத ஆள் இருந்திருக்க மாட்டேன்.

செய்ய வேண்டியது மிகவும் எளிது, கையேட்டின் இரண்டாம் பக்கத்திலேயே இருக்கிறது. கப்ளரை (ஹிட்ச் உருண்டையைக் கவ்வுகிற டிரெய்லரின் வாய்) பூட்டி, பூட்டு ஊசியையும் செருகிய பிறகு, டிரெய்லரின் முன் ஜாக்கை ஏற்ற வேண்டும். டிரெய்லரின் மூக்கோடு டிரக்கின் பின்பக்கமும் சேர்ந்து மூன்று நாலு அங்குலம் எழும்பும். அப்போது பாரில் விறைப்பே இருக்காது, சங்கிலியைக் கிட்டத்தட்ட கையாலேயே மாட்டிவிடலாம். கழற்றும்போதும் இதே முறை. குழாயைப் போட்டுத் தொங்க வேண்டியிருந்தால் ஜாக் போதுமான அளவு ஏறவில்லை என்று அர்த்தம்.

இவ்வளவு பண்ணியும் 37-ம் எட்டில் ஐந்தும்தான். பாதிக்கு இன்னும் ஒரு நூல், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, பாக்கி. பார் இரண்டும் வில் மாதிரி வளைந்து நின்றன. அப்போதுதான் துணியால் துடைத்து நுனியைப் பார்த்தேன். 600 என்று பொறித்திருந்தது. 600 பவுண்டு பாரத்துக்கான பார்! டங் வெயிட்டோடு டிரக்கின் பின் அச்சுக்குப் பின்னால் ஏற்றுகிற சாமானையும் கூட்டித்தான் பாரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எங்களுக்கு 820-ம் சாமான் ஒரு நூறும். 1,000 பவுண்டு பார் போட வேண்டிய இடத்தில் 600. ஆரம்பத்திலேயே தோற்ற ஆட்டம்.

டீலரிடம் போனேன். கவுண்டரில் இருந்தவர் பிரோஷரை எடுத்து 560-ஐ விரலால் தொட்டுக் காட்டினார். பயன்படுத்திய பாரைத் திரும்ப வாங்க மாட்டோம் என்றார். போன தடவை என்றால் நானும் தலையாட்டிவிட்டு வந்திருப்பேன். இந்தத் தடவை பேசவே இல்லை. மூன்று எடைச்சீட்டையும் வரிசையாக மேஜையில் வைத்தேன், பக்கத்திலேயே அவர்கள் தராத கையேட்டில் பாரத்துக்கேற்ற பாரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் பக்கத்தையும் வைத்தேன். அவர் உள்ளே போனார். பத்து நிமிடம் வரவில்லை. வந்தபோது கையில் 1,000 பவுண்டு பார் இரண்டு இருந்தன. மன்னிப்பும் இல்லை, வித்தியாசத் தொகையும் கேட்கவில்லை. கணக்கு நேராகிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து ஐந்து வாஷரோடு புது பாரைப் போட்டால் 36-ம் எட்டில் ஏழும்! இப்போது மூக்கு அளவுக்கு மீறி அமுங்கிவிட்டது. "இது அதைவிட மோசம் தம்பி, மழையில வளைவுல பின்சக்கரம் வழுக்கும்" என்று அண்ணன் போனிலேயே கத்தினார். ஒரு வாஷரை எடுத்து, சங்கிலியில் ஒரு கண்ணி தளர்த்தினேன். கண்ணிக்கும் கணக்கு உண்டு: எங்கள் கையேட்டின்படி தொங்குகிற சங்கிலியில் குறைந்தது ஐந்து கண்ணி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் திருப்பத்தில் சங்கிலி இறுகிவிடும். அளந்தேன். 37-ம் எட்டில் மூன்றும். இன்னொரு முறை எடை மேடை: முன் 3,140, பின் 3,720, டிரெய்லர் 5,680. இழந்த 360-ல் 240 திரும்பி வந்துவிட்டது.

ஹிட்ச் பால் விவகாரம் வேறு. (குடிக்கிற பால் இல்லை, டிரெய்லரின் மூக்கு உட்காருகிற உருண்டை.) அதன் அடி நட்டுக்கு எங்கள் கையேடு சொல்வது 450 அடி-பவுண்டு முறுக்கு. என்னிடம் இருந்த டார்க் ரென்ச் 150 வரைதான். லாரிப் பட்டறை ஒன்றில் கேட்டேன், ஒரு நிமிட வேலை. ஆனால் நட்டு கால் திருப்பு சுற்றிவிட்டுத்தான் நின்றது. அந்தக் கால் திருப்பை நம்பித்தான் பிள்ளைகளைப் பின் சீட்டில் உட்கார வைத்து நெடுஞ்சாலையில் போயிருக்கிறேன்.

டிரெய்லர் பிரேக்கை டிரக்கிலிருந்து இயக்குகிற பிரேக் கண்ட்ரோலரும் வயரிங்கும் ஒரு தொல்லையும் கொடுக்கவில்லை. பாரம் பங்கிடுகிற ஹிட்ச் வேறு, ஆட்டத்தை அடக்குகிற ஸ்வே கண்ட்ரோல் வேறு. சில மாடலில் இரண்டும் ஒன்றாக வரும், எங்களுடையதில் இல்லை, தனியாக ஒரு உராய்வுக் கம்பி போட்டிருக்கிறோம். அதைக் கழற்றாமல் ரிவர்ஸ் எடுத்தால் வளைந்துவிடும். இதை நான் வளைக்காமலேயே தெரிந்துகொண்டேன் என்பதில் ஒரு சின்ன பெருமை. முதல் ஐம்பது மைல் ஓடியதும் போல்ட்டுகளை மறுபடி இறுக்கிப் பார்த்தேன், ஒன்று லேசாக அசைந்தது.

போன வாரம் அதே சாலையில், அதே இருட்டில் போனோம். எதிரே வந்தவர் யாரும் விளக்கு அடிக்கவில்லை. மனைவி பாதி வழியிலேயே தூங்கிவிட்டாள். திரும்பி வந்து மெயிலைத் திறந்தால் டீலரிடமிருந்து ஒரு படிவம்: ஹிட்ச் பொருத்தும் சேவை எப்படி இருந்தது, ஐந்து நட்சத்திரத்தில் எத்தனை தருவீர்கள்? இன்னும் நிரப்பவில்லை.