பதினோராம் வரி

என் மேசை இழுப்பறையில் ஒரு நோட்டு இருக்கிறது. ஓஎஸ் (கணினியின் இயங்குதளம்) போடுவது எப்படி என்று தமிழில், என் கையெழுத்தில், வரிசை எண் போட்டு எழுதியது. மதுரையிலிருந்து பழனி வரைக்கும் பாலிடெக்னிக், கலைக் கல்லூரி, கணினிப் பயிற்சி மையம் என்று ஆய்வகங்களைப் பராமரிப்பது என் வேலை. பதினாறு வருடமாகிறது. எல்லா இடத்துக்கும் நானே போய் எல்லா கணினிக்கும் ஓஎஸ் போட முடியாது. அதனால் நோட்டிலிருந்து வேண்டிய பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து லேப் அசிஸ்டென்ட்களிடம் கொடுத்துவிடுவேன். "மூன்றாவது திரையில் வலது பக்கம் கீழே இருக்கும் பொத்தானை அழுத்தவும்" என்பது மாதிரியான வரிகள். அவர்களில் பலருக்கு ஆங்கிலத் திரையை வாசித்துப் புரிந்துகொள்வது சிரமம். ஆனால் தாள் கையில் இருந்தால் ஒரு கணினியை அரைமணி நேரத்துக்குள் முடித்துவிடுவார்கள்.

அந்த நோட்டில் இன்றைக்கும் கிட்டத்தட்ட அப்படியே பயன்படுகிற பக்கங்கள் டெபியன் என்ற லினக்ஸ் ஓஎஸுக்கு எழுதியவை மட்டும்தான். அதன் நிறுவி, அதாவது ஓஎஸை வட்டில் போட்டுத் தரும் நிரல், 2005 ஜூனில் வந்த 3.1 பதிப்பில் அறிமுகமானது. மொழி, நாடு, விசைப்பலகை, கணினியின் பெயர், கடவுச்சொல், வட்டு என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போகும். 2007இல் வரைகலைத் தோற்றம் சேர்த்தபோதும் கேள்விகளின் வரிசையைக் கலைக்கவில்லை. பார்க்கப் பழசாகத்தான் இருக்கும். ஆனால் அடுத்து என்ன வரும் என்று கைக்குத் தெரியும். மற்ற பக்கங்களை எத்தனை முறை அடித்துத் திருத்தி எழுதினேன் என்று கணக்கு இல்லை.

மாற்றம் என்றால் என்ன என்று எனக்கு முதலில் உறைத்தது ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸின் 18ஆம் பதிப்பு வந்தபோது. 2012 நவம்பரில் வர வேண்டிய பதிப்பு அது. அனகோண்டா என்ற அதன் நிறுவியைப் புதிதாக எழுதிக்கொண்டிருந்ததால் தள்ளித் தள்ளி 2013 ஜனவரி 15ஆம் தேதிதான் வெளியானது. அதுவரை பக்கம் பக்கமாக "அடுத்து, அடுத்து" என்று போய்க்கொண்டிருந்த வேலை, நடுவில் ஒரு பெரிய முகப்புத் திரை, அதிலிருந்து கிளை கிளையாகச் சின்னத் திரைகள் என்று ஆனது. எந்தக் கிளைக்குள் முதலில் போவது என்பது நம் விருப்பம். கிளைக்குள் வேலை முடிந்ததும் "டன்" (முடிந்தது) என்ற பொத்தானை அழுத்தித் திரும்ப வேண்டும். அந்தப் பொத்தான் இடது பக்கம் மேலே இருந்தது. அத்தனை வருடம் வலது பக்கம் கீழேயே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது தென்படவே இல்லை. எத்தனையோ பேர் உலகம் முழுக்க இதையே சொல்லிப் புலம்பினார்கள். அதிலும் வட்டைப் பிரிக்கும் திரை பெரிய குழப்பம். முன்பு பார்டிஷன்களை வரிசையாகக் காட்டிய இடத்தில், "எந்தக் கோப்புறை எங்கே இருக்க வேண்டும் என்று சொல்லுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிற மாதிரி ஒரு திரை.

அதை எழுதியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. எல்விஎம், ரெய்டு, பிடிஆர்எஃப்எஸ், குறியாக்கம், யுஇஎஃப்ஐ என்று வட்டையும் கணினி தொடங்கும் முறையையும் சார்ந்த நுட்பங்களாகச் சேர்ந்துகொண்டே போன சுமையைப் பழைய நிரல் தாங்கவில்லை. புதியதில் நல்லதும் இருந்தது. கோப்புகள் நகலாகிக்கொண்டிருக்கும்போதே நிர்வாகிக் கடவுச்சொல்லைக் கொடுத்துவிடலாம். முப்பது கணினி போடுகிறவனுக்கு அந்த ஐந்து நிமிடத்தின் அருமை தெரியும். அடுத்தடுத்த பதிப்புகளில் தவறுகளும் குறைந்தன. 2014இல் ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 7க்கும் இதே அனகோண்டா போனது. நான் பழகிக்கொண்டேன். 2025 ஏப்ரலில் ஃபெடோரா 42 பணிநிலையப் பதிப்பில் அதையும் எடுத்துவிட்டு, உலாவிப் பக்கம் போல இயங்கும் இன்னொரு முகத்தை வைத்தார்கள். நோட்டில் மறுபடியும் புதுப் பக்கம்.

உபுண்டு என்ற லினக்ஸின் சர்வர் பதிப்பிலும் இதே கதைதான், ஆனால் அங்கே மாறியது திரை மட்டுமில்லை. கேள்விகளுக்கான பதில்களை முன்கூட்டியே ஒரு கோப்பில் எழுதிக் கொடுத்துவிட்டால், நிறுவி ஆளைக் கேட்காமல் தானே முடித்துக்கொள்ளும். டெபியன் நிறுவியில் அதற்கு ப்ரீசீட் என்று பெயர். அதுவரை டெபியன் நிறுவியையே வைத்திருந்த உபுண்டு சர்வரில், 18.04 பதிப்பில் புதிய நிறுவி வந்தது. பழையதையும் கூடவே வைத்திருந்தார்கள். 20.04இல் பழையதிலிருந்து நகர்ந்துவிட்டார்கள். ப்ரீசீட் கோப்பு புதியதில் செல்லாது. யாம்ல் என்ற எளிய உரை வடிவில் வேறு ஒரு கோப்பு எழுத வேண்டும். பல வருடம் அனுபவப்பட்டு, ஒவ்வொரு வரியாகச் சேர்த்து, ஏன் அந்த வரி அங்கே இருக்கிறது என்றே மறந்துபோகிற அளவுக்கு உறைந்துவிட்ட கோப்புகள் அவை. புதிய வடிவம் வாசிக்க எளிது என்பது உண்மை. ஆனால் பழைய கோப்பில் இருந்த வரிகளின் காரணம் புதியதற்குத் தானாக வந்து சேர்வதில்லை.

சரி, இதெல்லாம் உழைப்பு வீணாவது பற்றிய வருத்தம். உட்கார்ந்து கற்றுக்கொண்டால் தீர்ந்துவிடும். நான் எழுத வந்தது தீராத ஒன்றைப் பற்றி.

சில வருடங்களுக்கு முன், ஒரு பிப்ரவரி மாதம். ஒரு பாலிடெக்னிக் ஆய்வகம். முப்பத்தாறு கணினிகள். வேகமாக இருக்கட்டும் என்று முந்தைய வருடம்தான் எல்லாவற்றிலும் 240 ஜிபி எஸ்எஸ்டி போட்டிருந்தோம். பழைய 500 ஜிபி ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றாமல் மாணவர்கள் தங்கள் கோப்புகளை வைத்துக்கொள்ள விட்டிருந்தோம். பாடத்துக்கு வேண்டிய ஒரு மென்பொருள் புதிய பதிப்பைக் கேட்டது. அதனால் ஓஎஸ் மாற்ற வேண்டியிருந்தது. எந்த லினக்ஸ் விநியோகம் என்பது இங்கே முக்கியமில்லை. புதிய பதிப்பை ஒரே ஒரு முறை, என் அலுவலகத்தில், ஒரே ஒரு வட்டு இருந்த கணினியில் போட்டுப் பார்த்துவிட்டு, பழைய தாளில் இரண்டு வரியை மாற்றிக் கொடுத்தேன்.

பதினோராம் வரியை மாற்றவில்லை. "பட்டியலில் முதலில் இருக்கும் வட்டைத் தேர்ந்தெடுக்கவும்." பழைய பதிப்பில் முதலில் இருந்தது எஸ்எஸ்டி. பன்னிரண்டாம் வரி: "எதை அழிக்கப் போகிறது என்று ஒரு எச்சரிக்கைப் பெட்டி வரும். 240 என்று இருந்தால் மட்டும் தொடரவும்." என் காவல் முழுவதும் அந்தப் பன்னிரண்டாம் வரியில்தான் இருந்தது.

புதிய பதிப்பில் அந்தக் கணினிகளில் ஹார்ட் டிஸ்க் முதலில் வந்தது. தனி எச்சரிக்கைப் பெட்டியை எடுத்துவிட்டு, எல்லாவற்றையும் சேர்த்து ஒரே சுருக்கத் திரையாக்கியிருந்தார்கள். வட்டின் பெயர் அதில் சின்ன எழுத்தில், நேர மண்டலத்துக்கும் விசைப்பலகைக்கும் நடுவில் இருந்தது.

அங்கே லேப் அசிஸ்டென்ட்டாக இருந்த அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவர். தாளில் இருப்பதை எழுத்துப் பிசகாமல் செய்கிறவர். ஐந்து கணினிகளை முடித்திருந்தார். இறுதியாண்டு மாணவன் ஒருவன் வந்து, தன் ப்ராஜெக்ட் கோப்புறையைக் காணவில்லை என்று சொன்ன பிறகுதான் எனக்கு போன் வந்தது. ஒரு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தேன். அக்கா தாளை என் முன்னால் நீட்டி, பன்னிரண்டாம் வரியில் விரலை வைத்தார்.

"பெட்டி வரும்னு போட்டிருக்கீங்க. வரலை. வரலைன்னா பிரச்சினை இல்லைன்னுதானே தம்பி அர்த்தம்?"

என்னிடம் பதில் இல்லை. அவர் சொன்னது நியாயம். எச்சரிக்கை வரும் இடத்தில் எச்சரிக்கை வராவிட்டால் ஆபத்து இல்லை என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

ஃபோட்டோரெக் என்றொரு மீட்பு மென்பொருள் இருக்கிறது. வட்டை ஓரத்திலிருந்து ஓரம் வரை துழாவி, கோப்பின் தலைப்பகுதியை வைத்து இது படம், இது ஆவணம் என்று அடையாளம் கண்டு எடுத்துக் கொடுக்கும். ஆனால் கோப்பின் பெயரும் கோப்புறையும் திரும்ப வராது. 'எஃப்' என்ற எழுத்துக்குப் பின்னால் நீளமான எண் போட்ட ஆயிரக்கணக்கான கோப்புகள்தான் கிடைக்கும். புதிய ஓஎஸ் எழுதிய இடத்தில் இருந்தவை அதுவும் கிடையாது. மாணவர்கள் மூன்று நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து, "இது என்னோடது, இது உன்னோடது" என்று பிரித்தார்கள். ஒரு குழுவின் சுற்று வரைபடங்கள் கடைசிவரை கிடைக்கவில்லை. அவர்கள் திரும்ப வரைந்தார்கள். அந்த நாட்களில் அக்கா சாப்பாட்டுக்கூடையைத் திறந்து நான் பார்க்கவில்லை. யாரும் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை, இருந்தும்.

பிழை என்னுடையது. "240 ஜிபி வட்டு" என்று எழுதியிருக்க வேண்டிய இடத்தில் "முதலில் இருக்கும் வட்டு" என்று எழுதினேன். பொருளைச் சொல்லாமல் இடத்தைச் சொன்னேன். இரண்டு வட்டு இருக்கும் கணினியில் சோதித்துப் பார்க்கவும் இல்லை. ஆனால் நிறுவியை வடிவமைக்கிறவர்களிடமும் எனக்கு ஒரு வழக்கு உண்டு, அதைச் சொல்லத்தான் வேண்டும். மற்ற மென்பொருளில் பொத்தானை இடம் மாற்றினால் தவறாக அழுத்திவிட்டுப் பின்வாங்கிக்கொள்ளலாம். நிறுவியில் வட்டின் மேல் எழுதத் தொடங்கிய பிறகு பின்வாங்க வழி கிடையாது. வண்ணம் மாறட்டும், எழுத்துரு மாறட்டும், நேர மண்டலத்துக்கு உலக வரைபடம் வைக்கட்டும். எதை அழிக்கப் போகிறோம் என்று கேட்டு நிற்கும் அந்த ஒரு இடத்தை மட்டும், ஒரு வீட்டின் வாசல்படி மாதிரி, அதே இடத்தில் அதே உயரத்தில் வைத்திருக்க வேண்டும். இருட்டில் கால் தடுக்கக் கூடாது. மாற்றியே ஆக வேண்டும் என்றால் பழையதைவிடப் பெரிதாக, பழையதைவிட மெதுவாகப் போகச் சொல்கிற மாதிரி மாற்ற வேண்டும்.

புதிதாக வருகிறவர்களுக்காக எளிமையாக்குகிறோம் என்கிறார்கள். வாழ்நாளில் ஒரு முறையோ இரண்டு முறையோ ஓஎஸ் போடுகிறவருக்குக் கேள்வி குறைவாக இருந்தால் நல்லதுதான். ஆனால் நூறு முறை போடுகிறவரின் கை, திரையை வாசிப்பதில்லை. நினைவில்தான் ஓடுகிறது. அந்த அக்கா மாதிரி, தாளை நம்பி நூறு முறை போடுகிறவர்களும் இருக்கிறார்கள். வெளியீட்டுக் குறிப்புகளில் புதிதாகச் சேர்த்ததை எல்லாம் எழுதுவார்கள். வட்டுகளின் வரிசை மாறியதை யாரும் எழுதுவதில்லை.

நல்ல மாற்றத்துக்கும் ஒரு உதாரணம் சொல்ல வேண்டும். டெபியனில் பல வருடமாக ஒரு தொல்லை இருந்தது. பல மடிக்கணினிகளின் வைஃபைக்கு வேண்டிய ஃபர்ம்வேர் (கருவியை இயக்கும் உள் மென்பொருள்), யாரும் மாற்றிப் பகிரக்கூடிய கட்டற்ற உரிமத்தில் இல்லாததால் அதிகாரபூர்வ நிறுவல் படிமத்தில் அதைச் சேர்க்க மாட்டார்கள். நடுவில் நிறுவி நின்று, அந்தக் கோப்பு இருக்கும் பென் டிரைவைக் கேட்கும். 2022இல் டெபியன் உருவாக்குநர்கள் வாக்கெடுப்பு நடத்தி, சேர்ப்பதென்று முடிவெடுத்தார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12இலிருந்து அந்தத் திரையே பெரும்பாலும் வருவதில்லை. என் நோட்டில் ஐந்து வரிகளை அடித்துவிட்டேன். அடித்ததால் யாருக்கும் எந்த ஆபத்தும் வரவில்லை. முன்பு ஒரு தடை இருந்தது, இப்போது இல்லை. அவ்வளவுதான்.

விண்டோஸ் பக்கம் வேறு மாதிரி. விண்டோஸ் 11இன் ஹோம் பதிப்பு முதல் அமைப்பின்போது இணைய இணைப்பும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் கேட்கிறது. ஷிஃப்ட்டும் எஃப்10உம் சேர்த்து அழுத்தி ஒரு கட்டளை கொடுத்து அதைத் தாண்டிப் போகும் வழி என்னைப் போன்றவர்களிடம் வாய்வழியாகப் பரவியிருந்தது. 2025 மார்ச்சில் சோதனைப் பதிப்பிலிருந்து அந்த வழியை எடுத்தார்கள். அங்கே யாருடைய கோப்பும் அழிவதில்லை என்பதால் என் நோட்டில் அதற்கு அரைப் பக்கம்தான்.

இப்போது என் தாள்களின் அமைப்பே வேறு. முதல் வரி ஓஎஸ் பற்றியதே இல்லை. "கணினியை அணைத்து, பக்கவாட்டு மூடியைத் திறந்து, பெரிய வட்டின் சாட்டா வயரைப் பிடுங்கவும்." கண்ணுக்குத் தெரியாத வட்டை எந்த நிறுவியாலும் அழிக்க முடியாது. ஒரு கணினிக்கு நான்கு நிமிடம் கூடுதல். முப்பத்தாறு கணினிக்குக் கிட்டத்தட்ட இரண்டரை மணி நேரம். அந்த நேரத்துக்கும் சேர்த்துத்தான் இப்போது கூலி பேசுகிறேன். காரணத்தைச் சொன்னால் யாரும் பேரம் பேசுவதில்லை. பொத்தானின் இடத்தை எழுதுவதை விட்டுவிட்டேன். "திரையில் 240 என்ற எண் தெரிந்தால் தொடரவும், 500 தெரிந்தால் நிறுத்திவிட்டு எனக்கு போன் போடவும்" என்று எழுதினேன்.

அதுவும் போதவில்லை. போன ஜூனில் அதே பாலிடெக்னிக்கிலிருந்து அதே அக்கா போன் செய்தார். மூடி திறக்க வராத இரண்டு கணினிகள் இருந்தன. அவற்றில் வயரைப் பிடுங்க முடியவில்லை.

"தம்பி, இதுல 240உம் இல்லை, 500உம் இல்லை. 223னு ஒண்ணு இருக்கு, 465னு ஒண்ணு இருக்கு. நான் எதையும் தொடலை. அப்படியே விட்டுட்டு வெளிய வந்து நிக்கறேன்."

ஒரு கேபி என்பதை ஆயிரம் பைட்டாகக் கணக்கிட்டால் 500 ஜிபி. 1024 பைட்டாகக் கணக்கிட்டால் அதே வட்டு 465. தயாரிப்பாளர் ஒட்டும் லேபிளில் முதல் கணக்கு. அந்த நிறுவியின் புதிய பதிப்பு இரண்டாவது கணக்குக்கு மாறியிருந்தது.

"அங்கேயே நில்லுங்கக்கா, வர்றேன்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். நோட்டையும் பையில் போட்டுக்கொண்டேன்.