காய்ச்சல் தொடங்கிய நேரமும் புரோகால்சிட்டோனின் அளவும்

மழைக்காலம் வந்துவிட்டால், தருமபுரியில் நான் பணிபுரியும் தனியார் மருத்துவமனையின் அவசரப் பிரிவில், காய்ச்சலோடு வருபவர்களுள் யாருக்கு டெங்கு, யாருக்குச் சாதாரண வைரஸ் காய்ச்சல், யாருக்குத் தொற்றால் உறுப்புகள் பழுதாகி உயிரைப் பறிக்கக்கூடிய செப்சிஸ் என்பதை விரைந்து கணித்தாக வேண்டும். இரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் பிளட் கல்ச்சர் முடிவு வர இரண்டு மூன்று நாள்கள் ஆகும் என்பதால், தொற்றின்போது இரத்தத்தில் உயரும் சி.ஆர்.பி., புரோகால்சிட்டோனின் ஆகியவற்றின் அளவைப் பார்க்கிறோம்.

சி.ஆர்.பி. 1930இல் கண்டறியப்பட்ட புரதம், கல்லீரலில் உருவாவது, மூட்டுவாதத்திலும் அடிபட்டாலும்கூட உயர்வது. புரோகால்சிட்டோனின் சற்றே தெளிவாகப் பேசும். இயல்பாகத் தைராய்டுக்குள்ளேயே கால்சிட்டோனின் என்ற ஹார்மோனாக மாறிவிடும் இது, பாக்டீரியாத் தொற்றின்போது உடலின் பல திசுக்களிலும் உற்பத்தியாகி இரத்தத்தில் கலக்கிறது. வைரஸ் தொற்றில் சுரக்கும் இன்டர்ஃபெரான் காமா என்ற புரதம் அவ்வுற்பத்தியை அடக்கிவிடுகிறது. மில்லிலிட்டருக்கு 0.25 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் பாக்டீரியாவுக்கு வாய்ப்பு குறைவு என்றும், 0.5ஐத் தாண்டினால் கூடுதல் என்றும் பொதுவாகக் கொள்கிறோம்.

ஆனால் காய்ச்சல் எப்போது தொடங்கியது என்று கேட்காமல் இந்த எண்ணைப் படிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. தொற்று தொடங்கி மூன்று முதல் ஆறு மணி நேரம் கழித்தே அது உயரத் தொடங்கும். உச்சத்தைத் தொட அரை நாளிலிருந்து ஒரு நாள் வரை ஆகும். சித்தேரி மலையிலிருந்தோ பென்னாகரத்துக்கு அப்பாலிருந்தோ, மெடிக்கலில் மாத்திரை வாங்கிச் சில நாள் பார்த்துவிட்டு வருபவருக்கு அந்த அவகாசம் தாராளமாகக் கிடைத்திருக்கும். குளிர் நடுக்கம் கண்ட உடனேயே நகருக்குள்ளிருந்து வந்துவிடுபவரிடம் காணும் குறைந்த அளவை நம்பி வீட்டுக்கு அனுப்ப முடியாது.

எண் உயர்ந்திருந்தாலும் கிருமியின் பெயரை அது சொல்வதில்லை. மலேரியாவிலும் பெருந்தீக்காயத்திலும் சிறுநீரகச் செயலிழப்பிலும்கூட அது உயரும். நம் பக்கத்துக் காடுமேடுகளில் வேலை செய்வோருக்கு வரும் ஸ்க்ரப் டைஃபஸ் பாக்டீரியாவால் உண்டாவதே என்றாலும், வழக்கமாகப் போடும் செஃப்ட்ரியாக்சோன் ஆன்டிபயாட்டிக் ஊசிக்கு அது அடங்காது, டாக்சிசைக்ளின் வேண்டும். அக்குளிலும் இடுப்பு மடிப்பிலும் அதன் அடையாளமான கருத்த பொருக்கு இருக்கிறதா என்று துணியை விலக்கித் தேடுவதை எந்த ரிப்போர்ட்டும் ஈடுசெய்யாது.

2018இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், 14 மருத்துவமனைகளில் மூச்சுத்தொற்று ஐயத்துடன் வந்த 1,656 பேரிடம் சோதித்தபோது, புரோகால்சிட்டோனின் வழிகாட்டுதலால் ஆன்டிபயாட்டிக் பயன்பாடு குறையவில்லை. 2021ஆம் ஆண்டின் சர்வதேச செப்சிஸ் வழிகாட்டியும், மருந்தை எப்போது தொடங்குவது என்பதற்கு இதை நாட வேண்டாம், எப்போது நிறுத்துவது என்பதற்கு நாடலாம் என்கிறது. செப்சிஸ் முற்றி இரத்த அழுத்தம் சரியும் செப்டிக் ஷாக்கில் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் ஏற வேண்டும். அங்கே ரிப்போர்ட்டுக்காகக் காத்திருப்பது ஆபத்து.

சி.ஆர்.பி.யைவிடப் பல மடங்கு விலையுள்ள இப்பரிசோதனையை எல்லாக் காய்ச்சலுக்கும் நான் எழுதுவதில்லை. எழுதினால், நோயாளியைச் சேலத்துக்கோ பெங்களூருக்கோ அனுப்பும் கடிதத்தில் அளவோடு இரத்தம் எடுத்த நேரத்தையும் குறித்துவிடுவேன். அங்குள்ள மருத்துவர் மறுநாள் பார்க்கும் அளவை ஒப்பிட அது உதவும்.