ஒரே வீட்டில் இரண்டு பிரசங்கம்

சனிக்கிழமை ராத்திரி எங்கள் சாப்பாட்டு மேஜைக்கு எல்லைக்கோடு உண்டு. ஜன்னல் பக்கம் என் வீட்டுக்காரருக்கு, ஃபிரிட்ஜ் பக்கம் எனக்கு. இரண்டு பேரும் தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) ஆயர்கள். அவர் பொறுப்பில் இருக்கும் சபை வட்டாரத்துக்கும் (சேகரம் என்போம்) என்னுடையதற்கும் நடுவே 38 கிலோமீட்டர். ஆனால் திருச்சபையின் வருட நாட்காட்டியான ஆல்மனாக்கில் அந்த ஞாயிறுக்குப் போட்டிருக்கும் தலைப்பும் வேதபாடமும் இருவருக்கும் ஒன்றுதான். வம்பே அங்கேதான்.

ஒருமுறை கெட்ட குமாரன் உவமை. ஊர் சுற்றப் போன தம்பிக்காக எங்கள் அம்மா பின்கதவைத் தாழ் போடாமலே படுப்பதைச் சொல்லலாம் என்று அடுப்படியில் ஒத்திகை பார்த்தேன். அடுத்த வாரம் ஒரு கல்யாண வீட்டில் என் சபைப் பாட்டி காதோடு கேட்டார்: “அந்தப் பின்கதவுக் கதையை ஐயாவும் சொன்னாராமே? என் மக அந்தச் சபைதான். அங்க அது ஐயாவோட அம்மாவாமில்ல?” அதிலிருந்து வீட்டில் வாய்விட்டு ஒத்திகை கிடையாது.

2013-இல் புஷ்ப லலிதா அம்மா ஆந்திராவில் நந்தியால் பேராயர் (பிஷப்) ஆனபோது நான் மதுரை அரசரடியில் இறையியல் மாணவி. ஒரு பெண் பேராயரே ஆகிவிட்டார், இனி நமக்கென்ன கவலை என்று இருந்தேன். ‘ஆயரம்மா’ என்ற சொல்லை மறந்துவிட்டேன். எங்கள் பக்கம் அது ஆயரின் மனைவி. பெண்கள் ஐக்கிய சங்கம் நடத்த வேண்டும், வந்தவர்களுக்குக் காபி கொடுக்க வேண்டும். என் வீட்டுக்காரருடைய சபை அசன விருந்தில் கமிட்டிப் பெரியவர் ஒருவர், “ஆயரம்மா சங்கக் கூட்டத்துக்கு வர்றதே இல்லையே” என்றார். அந்த நேரத்தில் படுக்கையில் கிடக்கும் ஒருவருக்கு நற்கருணை கொடுத்துக்கொண்டிருப்பேன் என்றேன். “சரிம்மா, மாசத்துல ஒரு வெள்ளியாவது?” என்றார். என் சபையில் ஆயரின் வீட்டுக்காரரை இதுவரை யாரும் தேடவில்லை. காபி போடுவதில் அவர்தான் கெட்டிக்காரர், அது வேறு விஷயம்.

சில ராத்திரி அவர் வீடு சந்தித்துவிட்டு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். யாரோ எதையோ சொல்லி அழுதிருக்கிறார்கள். மனைவியாகக் கேட்க வாய் வரும். ஆனால் என்னிடம் சொல்லப்படுவதை நானும் அவரிடம் சொல்வதில்லையே. ரசம் சோறு பிசைந்து வைத்துவிட்டு உள்ளே போய்விடுவேன்.

ஆயர்களின் இடமாறுதல் பட்டியல் வரும் மாதங்களைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன்.

வருடத்தில் ஒரே ஒரு ஞாயிறு, மே மாத லீவில், இருவரும் அங்கி இல்லாமல் எங்கள் அம்மா ஊர்க் கோயிலுக்குப் போவோம். அங்கே ஆண்கள் இடப்பக்கம், பெண்கள் வலப்பக்கம். இந்த வருடம் உபதேசியார் பிரசங்கம் முக்கால் மணி நேரத்தைத் தாண்டியது. நடைபாதைக்கு அந்தப் பக்கமிருந்து அவர் மெல்லத் திரும்பி, என்னைப் பார்த்துக் கைக்கடிகாரத்தைத் தட்டினார். நான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன்.