ஸ்பீக்கர் கிழியவில்லை, டெக்குக்குத்தான் மூச்சு வாங்கியது

காரில் வால்யூம் 24-ஐத் தாண்டினால் போதும், பாட்டு கரகரவென்று கிழியும். டெக்கில், அதாவது டேஷ்போர்டில் இருக்கும் பாட்டுப் பெட்டியில், மொத்தம் 40 வரை இருக்கிறது. எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் இரண்டு பக்கமும் கன்டெய்னர் லாரிகள் உறுமும்போது 24 எந்த மூலைக்கு?

தெருவில் வண்டி எலெக்ட்ரிகல் வேலை பார்க்கும் அண்ணன் ஒரு நிமிஷம் கேட்டார். "இன்னா தம்பி, ஸ்பீக்கர் பூட்ச்சு. நாலையும் மாத்திடு." எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் ரிச்சி தெருவுக்குக் கிளம்பியே விட்டிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை, கடை இருக்காது. சரி, கழற்றியாவது பார்ப்போம் என்று உட்கார்ந்தேன்.

கதவின் உள்பக்க மூடியான டோர் பேடைக் கழற்றுவதற்குள் இரண்டு கிளிப் உடைந்தன. ஸ்பீக்கர் வயர்களைப் பிடுங்கி மல்டிமீட்டர் வைத்தால் வலது 3.6, இடது 3.7 ஓம். 4 ஓம் ஸ்பீக்கருக்கு மீட்டரில் கொஞ்சம் குறைவாகத்தான் காட்டும், அதனால் ஸ்பீக்கருக்குள் இருக்கும் காயில் (கம்பிச்சுருள்) போகவில்லை. கோனை நான்கு விரல்களால் சமமாக, மெதுவாக உள்ளே அழுத்தினேன். உள்ளே காயில் உரசினால் மணல் தேய்வது போல விரலுக்கே தெரியும். ஒன்றுமில்லை, வழுக்கிக்கொண்டு போய்த் திரும்பியது.

இடது ஸ்பீக்கரின் டெர்மினல் மட்டும் பச்சை பூத்திருந்தது. திருவொற்றியூரில் வண்டியை வெளியே நிறுத்தினால் கடல் காற்று எதைத்தான் விட்டுவைக்கும்? உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வயர் முனைக்குப் புது லக் அடித்து மாட்டினேன். இடது பக்கம் விட்டு விட்டுப் பாடுவது நின்றது. கரகரப்பு நிற்கவில்லை.

தற்செயலாகத்தான் துப்பு கிடைத்தது. எஞ்சினை அணைத்துவிட்டுப் பாட்டுப் போட்டால் 22-லேயே கிழிந்தது. ஸ்டார்ட் செய்தால் 24 வரை தாங்கியது. ஸ்பீக்கர் கோளாறு என்றால் எஞ்சின் ஓடினால் என்ன, ஓடாவிட்டால் என்ன? பேட்டரியில் 12.4 வோல்ட், எஞ்சின் ஓடும்போது 14.2. ஆக, டெக்கால்தான் போதிய பவர் கொடுக்க முடியவில்லை.

டெக் பெட்டியில் '50 வாட்ஸ் x 4' என்று பெரிதாகப் போட்டிருக்கும். நம்ப வேண்டாம். 14.4 வோல்ட்டை வைத்து 4 ஓமுக்குக் கணக்குப் போட்டால், சுத்தமான சவுண்டாக 26 வாட்ஸுக்கு மேல் ஏட்டில்கூட வராது. நடப்பில் 20-ஐ ஒட்டித்தான். அதற்கு மேல் கேட்டால் அலையின் தலையையும் காலையும் வெட்டி அனுப்பும். அந்த வெட்டுதான் நம் காதில் கரகரப்பு.

இவ்வளவு கேட்டது யார்? நானேதான். டெக்கில் பேஸ் (அடிச் சத்தம்) +6, அதை இன்னும் தூக்கும் லவுட்னெஸ் ஆன். போன் ஈக்வலைசரிலும் பேஸ் பூஸ்ட். 3 டெசிபல் ஏற்றினாலே இரண்டு மடங்கு பவர் வேண்டும், 6 என்றால் நான்கு மடங்கு. டிரம் அடி விழும் இடத்தில் மட்டும் ஏன் கிழிகிறது என்பது அப்போதுதான் உறைத்தது.

போனில் பூஸ்டை எடுத்தேன். டெக்கில் பேஸை 0 ஆக்கி, லவுட்னெஸை அணைத்தேன். அப்புறம் எச்.பி.எஃப். என்று ஒரு செட்டிங், வாங்கிய நாளிலிருந்து தொடாதது. அதை 100 ஹெர்ட்ஸில் வைத்தேன். அதற்குக் கீழே உள்ள அடிச் சத்தத்தைக் கதவு ஸ்பீக்கருக்குக் கொடுக்காமல் தடுத்துவிடும். இப்போது 33 வரை குரல் கண்ணாடி மாதிரி வருகிறது.

30-க்கு மேல் ஒரு கிர்ர் மட்டும் மிச்சம். அரை மணி நேரம் தேடினேன். கதவுப் பாக்கெட்டில் ஒரு 2 ரூபாய் காசு.

நெஞ்சில் இடிக்கும் அந்த 'தம்' குறைந்துவிட்டது, மறைப்பானேன். அது வேண்டுமென்றால் தனியாக ஆம்ப்ளிஃபயரும், அடிச் சத்தத்துக்கென்றே இருக்கும் சப்வூஃபரும் வைக்க வேண்டும். இப்போதைக்குக் கையில் காசில்லை. உடைந்த கிளிப்புகளைப் புதுப்பேட்டை போகும்போது வாங்க வேண்டும். அதுவரை டோர் பேடின் மூலையை இன்சுலேஷன் டேப்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது.