ஒஹாயோவில் மான் வேட்டைக்கும் வீட்டுப் பாதுகாப்புக்கும் ஒரே ரைஃபிள்: வாங்கிய அனுபவம்

ஒஹாயோ மாநிலத்தில் மான் வேட்டைக்கு ரைஃபிள் வாங்க நினைப்பவர், எந்தக் கம்பெனி, என்ன விலை என்று பார்ப்பதற்கு முன்னால் மாநில வேட்டை விதிகளைப் படித்துவிடுவது நல்லது. பாதித் தேர்வை அந்த விதிகளே செய்து முடித்துவிடுகின்றன. இங்கே மானைச் சுடும் ரைஃபிளின் தோட்டாக் கூடு நேரானதாக, அதாவது கழுத்துப் பகுதியில் குறுகாததாக இருக்க வேண்டும், அதன் குண்டின் விட்டம் .357 அங்குலத்துக்குக் குறையாமலும் .50 அங்குலத்தைத் தாண்டாமலும் இருக்க வேண்டும். 2014-இல்தான் இந்த அளவுக்காவது ரைஃபிளை அனுமதித்தார்கள். அதற்கு முன்பு துப்பாக்கிப் பருவத்தில் ஷாட்கன், கைத்துப்பாக்கி, குழலின் வாய்வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் துப்பாக்கி ஆகியவைதான். மற்ற மாநிலங்களில் தலைமுறை தலைமுறையாக மான் துப்பாக்கி என்றே பெயர் பெற்ற .30-30, அதைவிட வலுவான .308, .30-06 எல்லாமே கழுத்து குறுகிய கூடு கொண்டவை என்பதால் இங்கே மானுக்கு ஆகாது. வீட்டுப் பாதுகாப்புக்கு என்று கேட்டால் கடைக்காரர்கள் முதலில் எடுத்துக் காட்டும் .223 ஏ.ஆர்.-15 ரைஃபிளும் அதே காரணத்தால் கழிந்துபோகிறது.

தமிழ்நாட்டில் வளர்ந்த எனக்கு மான் வேட்டை என்றாலே 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் சிறையும்தான் நினைவில் இருந்தன. கொலம்பஸ் நகரை விட்டு லிக்கிங் கவுண்டிப் பக்கம் குடிபோன பிறகு நிலைமை வேறு என்று புரிந்தது. ஓநாயும் மலைச்சிங்கமும் என்றோ அற்றுப்போன இந்த மண்ணில் வெள்ளைவால் மான்களின் எண்ணிக்கையை மட்டுப்படுத்துவது பெரும்பாலும் வேட்டைதான். ரைஃபிளையும் தோட்டாவையும் விற்கும்போது வசூலாகும் 11 விழுக்காட்டு மத்திய வரி, 1937-ஆம் ஆண்டின் பிட்மன்–ராபர்ட்சன் சட்டப்படி மாநிலங்களின் வனவிலங்குப் பணிக்கே போகிறது. அந்தப் பணத்தில் பாதுகாக்கப்படும் காட்டையும் மானையும் பார்த்தபின் என் தயக்கம் குறைந்தது. வீட்டுப் பாதுகாப்பு இரண்டாவது தேவை. எங்கள் வீட்டுக்கு ஷெரிஃபின் வண்டி வந்து சேரக் கால் மணி நேரத்துக்கு மேலாகும். இரண்டு துப்பாக்கி வாங்கப் பணமும் இல்லை, பூட்டி வைக்க இடமும் இல்லை.

வாங்கும் தகுதியைப் பற்றித் தமிழ் நண்பர்கள் அடிக்கடி கேட்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். கிரீன் கார்டு வைத்திருப்பவர் துப்பாக்கி வாங்க மத்தியச் சட்டம் தடை சொல்வதில்லை. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவருக்குப் பொதுவாகத் தடை உண்டு. ஆனால் அமெரிக்க மாநிலம் ஒன்று வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருந்தால் அந்தத் தடையிலிருந்து விலக்கு கிடைக்கிறது. முதன்முறையாக உரிமம் எடுப்பவர் வேட்டைக் கல்வி வகுப்பை முடித்திருக்க வேண்டும். அந்த வகுப்பைச் சடங்காக எண்ணிப் போன எனக்கு, மற்ற எதையும்விட அதுவே அதிகம் பயன்பட்டது. குறிப்பாக, இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் விசையில் விரலை வைக்கக் கூடாது என்ற பாடம், பிற்பாடு ரைஃபிளைத் தேர்ந்தெடுப்பதிலும் அளவுகோலாக அமைந்தது.

ஏனென்றால், காட்டில் நன்மையாக இருக்கும் ஊடுருவும் ஆற்றல் வீட்டுக்குள் ஆபத்தாகிவிடுகிறது. அமெரிக்க வீடுகளின் உட்சுவர் இருபுறமும் அரை அங்குல ஜிப்சம் பலகை அடித்த மரச்சட்டம்தான்; மானை வீழ்த்தும் எந்தக் குண்டும் அப்படிப்பட்ட சுவர்கள் பலவற்றைத் துளைத்துக்கொண்டு போய்விடும், சுவருக்கு அப்பால் குழந்தைகள் படுத்திருந்தாலும் சரி. வீட்டுக்குள் வெடிக்கும் ரைஃபிளின் ஒலி, செவிக்கு உடனடிச் சேதம் விளைவிக்கும் 140 டெசிபெல் அளவைத் தாண்டும். அதோடு, நான் வெளியூரில் இருக்கும் இரவில் அதை எடுக்கப்போவது என் மனைவி. ஆகவே அவர் தோளும் தாங்கக்கூடிய உதை உள்ளதாக அது இருக்க வேண்டும்.

மலிவு ஒன்றுதான் கணக்கு என்றால் ரைஃபிளே வேண்டாம். 250 டாலர் அளவில் கிடைக்கும் மாவெரிக் 88 பம்ப் ஷாட்கன், ஸ்லக் என்ற ஒற்றைப் பெருங்குண்டு போட்டால் மானுக்கும், பக்ஷாட் என்ற பல உருண்டைகள் கொண்ட தோட்டா போட்டால் வீட்டுக்கும் ஆகிவிடும். இதை நான் இன்றும் தள்ளிவிட மாட்டேன். ஆனால் 12 கேஜ் என்ற குழல் அளவில் ஸ்லக்கின் உதை கடுமையானது. உதைக்குப் பயந்து பயிற்சிக்கே போகாதவரிடம் இருக்கும் துப்பாக்கி மானுக்கும் உதவாது, வீட்டுக்கும் உதவாது. அடுத்து, வின்செஸ்டர் நிறுவனம் 2019-இல் இப்படிப்பட்ட மாநிலங்களை மனத்தில் வைத்தே கொண்டுவந்த, பெயரில் .350 என்றாலும் ஒஹாயோ விதிக்குள் அடங்கும் .350 லெஜண்ட் தோட்டாவில், போல்ட் இழுத்துச் சுடும் ரூகர் அமெரிக்கன் ராஞ்ச். சுமார் 550 டாலர்; குழல் பதினாறரை அங்குலத்துக்கும் குறைவு, குறி பார்க்கும் தொலைநோக்கி பொருத்துவது எளிது. 150 கிரெயின் (குண்டின் எடை அலகு) குண்டு வினாடிக்கு 2,300 அடிக்கும் மேலான வேகத்தில் கிளம்புகிறது. மான் மட்டுமே நோக்கமாக இருந்திருந்தால் அதை எடுத்துக்கொண்டு அன்றே வீடு திரும்பியிருப்பேன். ஆனால் வீட்டுக்குள் அந்த வேகத்தைக் குறைக்க வழி இல்லை. பயிற்சித் தோட்டாவும் விலை கூடியது.

கடைசியில் மனம் நிலைத்தது .357 மேக்னம் தோட்டா போடும், விசையருகே உள்ள நெம்புகோலை இயக்கிச் சுடும் லீவர் ரைஃபிளில். இந்தத் தோட்டாவின் சிறப்பு, அதே துப்பாக்கியில் .38 ஸ்பெஷலையும் போட்டுச் சுடலாம் என்பது. 158 கிரெயின் .357 குண்டு ரைஃபிள் குழலிலிருந்து வினாடிக்கு ஏறத்தாழ 1,800 அடி வேகத்தில் புறப்பட்டு, 100 கஜத்துக்குள் நிற்கும் மானுக்குப் போதுமானதாக இருக்கிறது. அதே எடையுள்ள .38 குண்டோ ஆயிரம் அடியை ஒட்டித்தான் போகும். உதை மிகக் குறைவு, ஒலியும் .357-ஐவிடக் குறைவு. அதுவும் ஜிப்சம் சுவரைத் துளைக்கத்தான் செய்யும் என்பதால், எந்த அறையிலிருந்து எந்தத் திசையில் மட்டும் சுடலாம் என்று வீட்டின் வரைபடத்தை வைத்துக்கொண்டு நானும் மனைவியும் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டியிருந்தது. அந்தப் பேச்சை நடத்தாதவர்களுக்கு எந்தத் துப்பாக்கியும் வீட்டுப் பாதுகாப்பு ஆகாது என்பது என் கருத்து.

லீவர் வகையில் ஹென்றி, மார்லின் இரண்டும் என் தொகையைத் தாண்டியதால், ஜான் பிரௌனிங் வடிவமைத்த 1892 வின்செஸ்டரின் வழியில் பிரேசிலில் தயாராகும் ரோஸி ஆர்92, பழையது ஒன்றை, அறுநூறு டாலர் சொச்சத்துக்கு எடுத்தேன். வெற்றுக்கூடு மேல்புறமாகத் தெறிக்கும் அமைப்பு என்பதால் தொலைநோக்கி பொருத்துவது வசதிப்படாது. வட்டத் துளை வழியாகக் குறி பார்க்கும் பின்சட்டத்தைப் போட்டுக்கொண்டேன். என் கண்ணுக்கு அதில் 75 கஜம்தான் நம்பிக்கையான தூரம். மரம் அடர்ந்த இந்தப் பகுதியில் மான் அதைவிடத் தொலைவில் தெளிவாகத் தெரிவதும் அரிது.

கடையில் துப்பாக்கி வாங்குபவர் நிரப்ப வேண்டியது மத்திய அரசின் 4473 எண் படிவம். தந்தையின் பெயரை முன்னெழுத்தாக வைத்திருக்கும் தமிழர்கள் இங்கே சற்று நிதானிக்க வேண்டும்: சட்டப்படியான பெயரில் வெறும் எழுத்துதான் இருக்கிறது என்றால் அதையும், நடுப்பெயரே இல்லை என்றால் அதையும் படிவம் கேட்கிறபடி குறிக்க வேண்டும், ஓட்டுநர் உரிமத்தில் உள்ள பெயரும் முகவரியும் அப்படியே பொருந்த வேண்டும். கிரீன் கார்டில் உள்ள எண்ணும் தேவை. ஒஹாயோவில் 2023 நவம்பரில் மக்கள் வாக்களித்துக் கஞ்சாவை அனுமதித்துவிட்டாலும், மத்தியச் சட்டப்படி அதைப் பயன்படுத்துவது குற்றமே என்று நான் நிரப்பிய படிவம் தனியாக எச்சரித்தது. கடைக்காரர் விவரங்களை எஃப்.பி.ஐ. நடத்தும் பின்னணிச் சோதனைக்கு அனுப்பினார். உடனே அனுமதி வராமல் ‘தாமதம்’ என்று பதில் வந்தது. மூன்று வேலை நாள் கழிந்தும் மறுப்பு வராவிட்டால் கடைக்காரர் கொடுத்துவிடலாம் என்று சட்டம் இருந்தும், அவர் முறையான அனுமதி வரும்வரை காத்திருக்கச் சொன்னார். எனக்கு அதில் வருத்தம் ஏதுமில்லை. பின்னர் அனுமதி வந்தது.

துப்பாக்கி விலையோடு செலவு முடிவதில்லை. எண்களை அழுத்தித் திறக்கும் இரும்புப் பெட்டியைச் சுவரோடு இறுக்கி வைத்தேன்; எண் பெரியவர்கள் இருவருக்கு மட்டும் தெரியும். ரைஃபிளை அதில் தோட்டா இல்லாமல் வைத்து, .38 தோட்டாக்களைப் பக்கத்திலேயே பையில் வைத்திருக்கிறேன். .357 வேட்டைத் தோட்டாக்கள் வேறு அறையில் பூட்டப்பட்டிருக்கின்றன. ரைஃபிளின் குழாய் வடிவத் தோட்டாக் கிடங்கில் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்பதால், முன்னுள்ள தோட்டாவின் அடியில் முட்டி அதை வெடிக்க வைக்கக்கூடிய கூர்முனைக் குண்டு ஆகாது. தட்டை முனையோ, இதற்கென்றே வரும் மென்முனையோ வாங்க வேண்டும். வேட்டையின்போது மொத்தம் மூன்று தோட்டாவுக்கு மேல் போடக் கூடாது என்ற விதியும் உண்டு. பயிற்சிக் களத்தில் .357-ஐ வைத்து 50 கஜத்துக்குக் குறியைச் சரிசெய்தேன்; .38 அந்தத் தூரத்தில் தாழ்ந்து விழுகிறது, ஆனால் வீட்டுக் கூடத்தின் நீளத்தில் அந்த வேறுபாடு பொருட்டல்ல. .38 கூடு நீளம் குறைந்தது என்பதால், அதை நிறையச் சுட்ட பிறகு, துப்பாக்கியில் தோட்டா அமரும் அறையின் முன்பகுதியில் கரி வளையம்போலப் படிந்துவிடும். பருவம் தொடங்கும் முன் பித்தளைப் பிரஷால் அதைத் தேய்த்து எடுக்காவிட்டால், நீண்ட .357 தோட்டா உள்ளே சரியாக அமராமல் மாட்டிக்கொள்ளும்.